துப்பறியும் கதையின் விதிகளை எவ்வளவு தூரம் மீறலாம்?

மைக்கூடு:

ஒரு கொலைக் கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். துப்பறிபவர் பாதிக் கதையில் இறந்துவிடுகிறார். அவர் விட்டுப்போன குறிப்பேட்டை அவருடைய உதவியாளர் தட்டச்சு செய்து, இடையிடையே தன் விளக்கங்களையும் சேர்த்து நமக்குத் தருகிறார். அதுதான் நாவல். கொலை செய்தவரும் அந்த உதவியாளர்தான்.

பாதி எழுதிய பிறகு துப்பறியும் கதை எழுதுகிறவர்களுக்காக நாவலாசிரியர்கள் ரொனால்ட் நாக்ஸ் எழுதிய பத்துக் கட்டளைகளையும் எஸ். எஸ். வான் டைன் எழுதிய இருபது விதிகளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தேன். யாருடைய மனவோட்டத்தை வாசகர் கூடவே இருந்து பார்க்கிறாரோ அவர் குற்றவாளியாக இருக்கக் கூடாது என்கிறார் நாக்ஸ். துப்பறிபவரின் நண்பர் தன் மனத்தில் தோன்றுவதை மறைக்கவும் கூடாதாம். துப்பறியும் கதை என்றால் துப்பறிபவர் தடயம் சேர்த்துக் குற்றவாளியைப் பிடிக்க வேண்டும் என்கிறார் வான் டைன். என் ஆள் அதற்குள் மண்ணுக்குள் போய்விட்டார்.

எதை மீறினால் வாசகர் ரசிப்பார், எதை மீறினால் புத்தகத்தை விட்டெறிவார்? உங்கள் அனுபவத்தில் சொல்லுங்கள்.

நெறியாளர்:

முடிவுகளைச் சொல்லாமல் இந்தப் பேச்சு நகராது. அகதா கிறிஸ்டியின் ரோஜர் ஆக்ராய்ட், ஓரியன்ட் எக்ஸ்பிரஸ், பத்துப் பேர் தீவு, கர்ட்டன், சுவிஸ் எழுத்தாளர் டூரன்மாட்டின் 'வாக்குறுதி' எல்லாவற்றிலும் யார், எப்படி என்பது கீழே உடைக்கப்படும். படிக்காதவர்கள் படித்துவிட்டு வாருங்கள், இழை எங்கும் ஓடிவிடாது.

பழைய_பைண்டிங்:

முதலில் காலவரிசையைப் பார்த்துவிடலாம். விதிகள் முதலில் வந்தன, பிறகு குறும்புக்காரர்கள் வந்து அவற்றை உடைத்தார்கள் என்று பலரும் நினைக்கிறார்கள். நடந்தது தலைகீழ்.

வான் டைன் தன் இருபது விதிகளை ஒரு அமெரிக்கப் பத்திரிகையில் எழுதியது 1928இல். நாக்ஸின் கட்டளைகள் ஒரு சிறுகதைத் தொகுப்பின் முன்னுரையாக 1929இல் வந்தன. கதைசொல்லியே கொலைகாரன் என்று வரும் ஆக்ராய்ட் நாவலோ 1926இலேயே வெளிவந்துவிட்டது. துப்பறிபவரே குற்றவாளி என்ற திருப்பம் அதைவிடப் பழசு. இஸ்ரேல் ஸாங்வில் 1890களின் தொடக்கத்திலேயே, பூட்டிய அறைக்குள் கொலை என்ற கதையில் அதைச் செய்துவிட்டார். 1907இல் காஸ்டன் லெரூவின் 'மஞ்சள் அறை'யிலும் அதுவே. இன்னும் பின்னால் போனால், இந்த வகையின் முதல் கதை என்று எல்லோரும் சொல்லும் எட்கர் ஆலன் போவின் 1841 கதையில் கொலை செய்தது ஒரு ஒராங்குட்டான். வான் டைனிடம் கொண்டுபோனால் வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்பார்.

இன்னொன்று, நாக்ஸ் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார், நகைச்சுவை எழுதுகிறவர். பாதிரியார் 'பத்துக் கட்டளைகள்' என்று தலைப்பு வைத்தால் கண்சிமிட்டுகிறார் என்றுதான் அர்த்தம். நீங்கள் சொன்ன அந்த முதல் கட்டளைக்கு அவரே விளக்கம் எழுதும்போது, திருமதி கிறிஸ்டி செய்துகாட்டிய சாகசங்களைப் பார்த்தால் இதை இன்னும் நுணுக்கமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறார். கட்டளை பிறக்கும்போதே அதில் ஓட்டை இருந்தது.

1930இல் லண்டனில் ஆன்டனி பெர்க்லி முன்னின்று தொடங்கிய, துப்பறியும் எழுத்தாளர்களின் சங்கமான டிடெக்‌ஷன் கிளப்பிலும் இதே கதைதான். முதல் தலைவர் செஸ்டர்டன். புது உறுப்பினர்கள் மண்டையோட்டின் மேல் கைவைத்துச் சத்தியம் செய்வார்கள், அந்த மண்டையோட்டுக்கு எரிக் என்று பெயர். தெய்வ வாக்கு, உள்ளுணர்வு, தற்செயல் இதையெல்லாம் வைத்துக் கதையை முடிக்க மாட்டோம் என்பது சத்தியத்தின் சாரம். பேய், மனவசியம், ரகசியக் கதவு போன்றவற்றுக்கு முழுத் தடை கிடையாது, அளவோடு வைத்துக்கொள் என்றுதான் இருக்கிறது.

சாவித்துளை:

வேடிக்கையாகச் சொன்னார் என்பதற்காக விஷயம் வேடிக்கையாகிவிடாது. அந்த ஆண்டுகளில் துப்பறியும் நாவல்கள் மலைபோலக் குவிந்தன. கடைசி அத்தியாயத்தில் இதுவரை வராத ஆள் வருவான், பெயர் தெரியாத விஷம் வரும், சுவர் திறந்து சுரங்கம் வரும். அந்த ஏமாற்றுக்கு எதிராகத்தான் இவர்கள் எழுதினார்கள்.

எல்லரி குவீன் என்ற பெயரில் இருவர் சேர்ந்து எழுதிய நாவல்களை எடுத்துக்கொள்ளுங்கள். 1929இல் வந்த முதல் நாவலிலிருந்தே, ஒரு கட்டத்தில் கதையை நிறுத்திவிட்டு வாசகருக்கு நேரடியாகச் சவால் விடுவார்கள்: தேவையான தகவல் எல்லாம் உன் கையில் வந்துவிட்டது, இனி நீயே கண்டுபிடி. யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் கொன்றிருக்கலாம் என்றால் இந்தச் சவாலுக்கு என்ன பொருள்? அப்புறம் வாசகர் எதையும் யோசிக்க வேண்டியதில்லை, ஆசிரியர் எப்போது சொல்வார் என்று காத்திருந்தால் போதும்.

மைக்கூடு, உங்கள் கதையில் உதவியாளர் குறிப்பேட்டை வெட்டி ஒட்டித் தருகிறார் என்றால் நான் எதை நம்பி யோசிப்பது?

கடைசிப்_பக்கம்:

நான் எப்போதும் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் படிப்பேன். எந்த விதியும் என்னை ஒன்றும் செய்ய முடியாது.

நள்ளிரவு_வாசகி:

கடைசிப்_பக்கம் சொல்வது கிண்டலாக இருந்தாலும் ஆக்ராய்டுக்கு அது நன்றாகவே பொருந்தும். முடிவு தெரிந்து படித்தால்தான் அந்த நாவலின் முழுத் திறமையும் தெரியும்.

கொலை நடந்த இரவு. கதைசொல்லியான டாக்டர் ஷெப்பர்ட் தன் நண்பர் ஆக்ராய்டோடு அறையில் இருக்கிறார். கடிதங்கள் உள்ளே வந்தது ஒன்பதுக்கு இருபது நிமிடம் இருக்கும்போது. தான் கிளம்பியது ஒன்பதுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, கடிதம் அப்போதும் படிக்கப்படவில்லை. கதவுப் பிடியில் கைவைத்தபடி ஒரு கணம் தயங்கி, செய்யாமல் விட்டது ஏதாவது இருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தேன் என்கிறார். முதல்முறை படிக்கும்போது நண்பரை நினைத்துக் கவலைப்படும் ஒரு மனிதர் தெரிவார். இரண்டாம் முறை, கொலையை முடித்துவிட்டு அறையைச் சரிபார்க்கும் கொலைகாரர் தெரிவார். வாக்கியம் ஒன்றுதான், ஒரு எழுத்துகூட மாறவில்லை. அதில் ஒரு பொய்யும் இல்லை. இடையில் பத்து நிமிடம் காணோம், அவ்வளவுதான். அந்தப் பத்து நிமிடத்தைக் கிறிஸ்டி ஒளித்தும் வைக்கவில்லை, இரண்டு நேரத்தையும் அடுத்தடுத்து நம் கண்முன்னேயே எழுதியிருக்கிறார்.

அதாவது 'வாட்சன் (துப்பறிபவரின் நண்பர்) எதையும் மறைக்கக் கூடாது' என்ற விதியை உடைத்தார். அதற்கு ஈடாக 'வாசகருக்குத் தடயம் தந்தே தீர வேண்டும்' என்ற விதியை மற்ற எல்லோரையும்விடக் கறாராகப் பின்பற்றினார். ஒன்றை மீறுகிறவர் இன்னொன்றில் இரட்டிப்பாகக் கட்ட வேண்டும் என்பது என் கணக்கு. ஓரியன்ட் எக்ஸ்பிரஸிலும் இதுதான். குற்றவாளி ஒருவர்தான் இருக்க வேண்டும் என்பது வான் டைன் விதி. கிறிஸ்டி பன்னிரண்டு கத்திக்குத்துக்குப் பன்னிரண்டு கைகளைக் கொண்டுவந்தார். ஆனால் கூட்டமே இல்லாத பருவத்தில் இத்தனை நாட்டவர், இத்தனை வகைப்பட்டவர் ஒரே பெட்டியில் ஏன் என்ற கேள்வியைத் தொடக்கத்திலேயே நம் முன் வைத்துவிட்டார்.

சிலர் ஆக்ராய்ட் ஏமாற்று வேலை என்று அப்போதே குரல் எழுப்பினார்கள். சக துப்பறியும் எழுத்தாளர் டாரதி சேயர்ஸ் ஒப்புக்கொள்ளவில்லை. எல்லோரையும் சந்தேகப்படுவது வாசகரின் வேலை, அதில் கதைசொல்லிக்கு மட்டும் என்ன விலக்கு என்ற தொனியில் அவர் எழுதினார். என் கட்சியும் அதுதான்.

சாவித்துளை:

ஆக்ராய்டை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதை உதாரணம் காட்டி எழுதப்பட்ட நூறு கதைகளில் தொண்ணூற்றைந்து குப்பை. 'கதைசொல்லி மனநோயாளி, அவர் சொன்னதெல்லாம் கற்பனை' என்று கடைசியில் கையை விரிக்கும் கதைகளை என்ன செய்வது? திரும்பப் படித்தால் ஒன்றும் கிடைக்காது. விதியை மீறியதற்கு ஈடாக அவர்கள் எதையும் கட்டவில்லை.

மூன்றாம்_சாட்சி:

எல்லோரும் 'நியாயமான ஆட்டம்', அதாவது வாசகரும் கண்டுபிடிக்கும்படி தடயம் தருவது, என்ற ஒன்றையே சுற்றுகிறீர்கள். எனக்குப் பிடித்த மீறல் வேறு. டூரன்மாட்டின் 'வாக்குறுதி', 1958.

கொலையுண்ட சிறுமியின் தாயிடம், கொலைகாரனைப் பிடிப்பேன் என்று மத்தேயி என்ற போலீஸ் அதிகாரி வாக்குக் கொடுக்கிறார். எல்லோரும் கைவிட்ட பிறகும் அவர் விடவில்லை. கொலைகாரன் எந்தச் சாலையில் வருவான் என்று கணித்து, அங்கே ஒரு பெட்ரோல் நிலையத்தை எடுத்து நடத்துகிறார். அதே சாயலில் இருக்கும் இன்னொரு சிறுமியைத் தூண்டில் மாதிரி வைத்துக் காத்திருக்கிறார். அவர் போட்ட கணக்கு முழுக்கச் சரி. கொலைகாரன் அந்தச் சிறுமியை நோக்கித்தான் வந்துகொண்டிருந்தான். வழியில் கார் விபத்தில் செத்துப்போகிறான். மத்தேயிக்கு அது தெரியாது. ஆண்டுக்கணக்கில் அந்த நிலையத்திலேயே குடித்துச் சீரழிந்து, வருவான் வருவான் என்று உட்கார்ந்திருக்கிறார்.

தற்செயல் துப்பறிபவருக்கு உதவக் கூடாது என்பது விதி. டூரன்மாட் தற்செயலை அவருக்கு எதிராகத் திருப்பினார். அந்த நாவலின் துணைத்தலைப்பே துப்பறியும் நாவலுக்கு ஓர் இரங்கல் பாட்டு என்றுதான் இருக்கும். உலகம் தர்க்கத்துக்குக் கட்டுப்பட்டது என்ற நம்பிக்கைதான் எல்லா விதிகளுக்கும் அடியில் கிடக்கும் பெரிய விதி. அதையே உடைத்தவர் இவர். இங்கே உங்கள் 'இரட்டிப்பாகக் கட்டு' கணக்கு எப்படிப் பொருந்தும்?

நள்ளிரவு_வாசகி:

பொருந்தும். மத்தேயியின் தர்க்கத்தில் ஓர் ஓட்டைகூட டூரன்மாட் வைக்கவில்லையே! தர்க்கம் அரைகுறையாக இருந்திருந்தால் தோல்வி சாதாரணத் தோல்வி. மிகச் சரியாக இருந்ததால்தான் அந்த முடிவு வலிக்கிறது.

மூன்றாம்_சாட்சி:

வலிக்கிறது, சரி. ஆனால் வாசகர் அந்த விபத்தை முன்கூட்டி யூகிக்க வழி உண்டா? இல்லை. நியாயமான ஆட்டம் என்ற அளவுகோலில் அது தோற்றுத்தான் ஆக வேண்டும். இருந்தும் அது பெரிய நாவல். எனவே அளவுகோல் எல்லாக் கதைக்கும் ஒன்று கிடையாது. சரியாக இருந்தும் தோற்றால் என்ன என்று கேட்கும் கதையிடம் புதிருக்கான விதியை நீட்டக் கூடாது. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பழைய_பைண்டிங்:

இரண்டு பேரும் கொஞ்சம் மூச்சு வாங்குங்கள். நான் இடையில் ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். எல்லா விதிகளையும் ஒரே தட்டில் வைக்கிறோம், அது தப்பு. சில விதிகள் வாசகரைக் காப்பவை. சில வெறும் அந்தக் காலத்து மனப்போக்கு.

வேலைக்காரர் கொலைகாரராக இருக்கக் கூடாது என்கிறார் வான் டைன். காரணம், குற்றவாளி மதிக்கத்தக்க ஆளாக இருக்க வேண்டுமாம்! இது நியாயமும் இல்லை, புதிரும் இல்லை, வர்க்கத் திமிர். கதையில் சீனர் யாரும் வரக் கூடாது என்பது நாக்ஸின் ஐந்தாவது கட்டளை. மலிவான திகில் கதைகளில் மர்மமான கீழைநாட்டு வில்லன் வருவது அப்போது சலிக்கச் சலிக்க நடந்துகொண்டிருந்தது, அதைத் தடுப்பதுதான் அவர் நோக்கம். ஆனால் தேய்வழக்கைத் தடை செய்வதற்குப் பதிலாக ஒரு மக்கள்கூட்டத்தையே தடை செய்துவிட்டார். இவற்றையெல்லாம் மீறுவதற்கு யாரும் எதையும் ஈடு கட்ட வேண்டாம்.

காதல் வேண்டாம், பிணம் இல்லாமல் கதை வேண்டாம் என்பவையும் வான் டைனுடையவைதான். 1935இல் சேயர்ஸ் 'காடி நைட்' எழுதினார். பெண்கள் கல்லூரி ஒன்றில் மொட்டைக் கடிதங்கள், நாசவேலை. கொலையே கிடையாது. ஹாரியட் வேனுக்கும் பீட்டர் விம்ஸிக்குமான காதல்தான் கதையின் நடுத்தண்டு. ஒரே நாவலில் இரண்டு விதியும் போச்சு. அவர் டிடெக்‌ஷன் கிளப்பின் தொடக்க கால உறுப்பினர், பின்னாளில் தலைவரும் ஆனார்.

கிளப்பை முன்னின்று தொடங்கிய பெர்க்லியே என்ன செய்தார்? 1929இல் 'நஞ்சிட்ட சாக்லேட்' நாவலில் ஒரே கொலைக்கு ஆறு பேர் ஆறு தீர்வு சொல்கிறார்கள். ஒவ்வொன்றையும் கேட்கும்போது இதுதான் என்று தோன்றும், அடுத்தவர் எழுந்து அதை உடைப்பார். வழக்கமாக வெல்ல வேண்டிய அவருடைய கதாநாயகன் தோற்றுப்போகிறான், யாரும் பொருட்படுத்தாத ஓர் ஆள் கடைசியில் பேசுகிறார். தடயங்கள் ஒரே ஒரு முடிவுக்குத்தான் கொண்டுபோகும் என்ற நம்பிக்கையையே அது கேலி செய்கிறது. பல காலம் கழித்து வேறு எழுத்தாளர்கள் அதற்கு ஏழாவது, எட்டாவது தீர்வுகூட எழுதினார்கள்.

கடைசிப்_பக்கம்:

ஆறு கடைசிப் பக்கங்களா! எனக்கான புத்தகம்.

சாவித்துளை:

விதிமீறலை ரசிக்க ஒரு புத்தகம் சொல்கிறேன். செக் எழுத்தாளர் யோசெஃப் ஷ்க்வொரெட்ஸ்கி 1970களில் நாக்ஸை வைத்தே ஒரு சிறுகதைத் தொகுப்பு எழுதினார். பத்துக் கதைகள், ஒவ்வொன்றிலும் பத்துக் கட்டளைகளில் ஒன்று மீறப்பட்டிருக்கும். குற்றவாளி யார் என்பதோடு, எந்தக் கட்டளை மீறப்பட்டது என்பதையும் வாசகர் கண்டுபிடிக்க வேண்டும். மீறலையே புதிராக்கி, அதையும் நியாயமாக ஆடினார். நான் விதிகளின் பக்கம் நிற்பதற்கு இதுவே காரணம். கோடு இருந்தால்தானே தாண்டியது தெரியும்.

நள்ளிரவு_வாசகி:

அமானுஷ்யத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. நாக்ஸ் அதை அடியோடு விலக்குகிறார். ஜான் டிக்ஸன் கார் 1937இல் 'தி பர்னிங் கோர்ட்' எழுதினார். எல்லாவற்றுக்கும் பகுத்தறிவான விளக்கம் சொல்லி வழக்கை முடித்துவிட்டு, கடைசிச் சில பக்கங்களில் அந்த விளக்கத்தையே ஆட்டங்காண வைப்பார். பூட்டிய அறைப் புதிரில் மன்னர் என்று பெயரெடுத்தவர் செய்ததால் யாரும் சோம்பேறித்தனம் என்று சொல்ல முடியவில்லை. நம்மில் பலர் இந்த இழுபறியை முதலில் சந்தித்தது சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்' வழியாகத்தான் இருக்கும். அறிவியலா, ஆவியா என்று கணேஷும் வசந்தும் மல்லுக்கட்டுவதுதானே அதன் உயிர்.

எதிர்த்திசையில் அசிமோவ். எதிர்காலக் கருவி ஒன்றை எடுத்து நீட்டிவிடலாம் என்பதால் அறிவியல் புனைவில் துப்பறியும் கதை சாத்தியமில்லை என்று அவருடைய பத்திரிகை ஆசிரியர் சொல்லியிருந்தார். 1954இல் 'தி கேவ்ஸ் ஆஃப் ஸ்டீல்' எழுதி அசிமோவ் அதைப் பொய்யாக்கினார். ரோபோ உண்டு, எதிர்கால நகரம் உண்டு. ஆனால் அந்த உலகத்தில் எது நடக்கும், எது நடக்காது என்பதை முதலிலேயே வகுத்துவிட்டு அதற்குள்ளேயே நின்றார்.

மைக்கூடு:

நிறைய கிடைத்தது, நன்றி. என் கதைக்கு வருகிறேன். துப்பறிபவர் இறந்துபோவது பிரச்சினையா? 'கர்ட்டன்' நாவலில் கிறிஸ்டியின் துப்பறிபவர் புவாரோவே இறக்கிறார், அதற்கு முன் கொலையும் செய்கிறார். கிறிஸ்டி அதை இரண்டாம் உலகப் போர்க் காலத்திலேயே எழுதிப் பூட்டிவைத்து, 1975இல் வெளியிட்டார். வாசகர்கள் ஏற்றுக்கொண்டார்களே.

பழைய_பைண்டிங்:

ஏற்றுக்கொண்டது மட்டுமா? நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் புவாரோவுக்கு இரங்கல் செய்தி போட்டது. ஆனால் அவர் தன் பங்கு விளக்கத்தைக் கடிதமாக எழுதிவைத்துவிட்டுத்தான் போகிறார். உங்கள் ஆள் அதைக்கூடச் செய்யவில்லை.

நள்ளிரவு_வாசகி:

உங்கள் சிக்கல் அங்கேதான் இருக்கிறது. ஆக்ராய்டில் ஒரு காட்சி கவனித்திருக்கிறீர்களா? ஷெப்பர்ட் எழுதிய கையெழுத்துப் பிரதியைப் புவாரோ வாங்கிப் படிக்கிறார். நாம் எதைப் படித்தோமோ அதையே அவரும் படித்து, உங்கள் பங்கைப் பற்றி மட்டும் அடக்கி வாசித்திருக்கிறீர்களே என்கிறார். கதைக்குள்ளேயே, கதைசொல்லிக்கு எதிராகப் படிக்கிற ஒருவர் இருக்கிறார். உங்கள் கதையில் அந்த ஆளைக் கொன்றுவிட்டீர்கள். இனி உதவியாளரைப் பிடிக்கப்போவது யார்?

பத்துப் பேர் தீவு நாவலிலும் துப்பறிபவர் இல்லை. போலீஸ் விழிக்கிறது. கடலில் கிடைத்த பாட்டிலுக்குள் இருக்கும் வாக்குமூலம்தான் விடை. அதைக் கொலைகாரரான நீதிபதி தன் கர்வத்தால் எழுதினார் என்பதும், போலீஸ் கவனிக்கத் தவறிய மூன்று தடயங்களை அவரே சுட்டிக்காட்டுகிறார் என்பதும்தான் அதைக் காப்பாற்றுகிறது. உங்கள் உதவியாளரும் கடைசியில் வாக்குமூலம் எழுதினால் இரண்டு பழைய நாவல்களின் நிழல் விழும்.

மைக்கூடு:

வாக்குமூலம் வேண்டாம் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டேன். வாசகர்தான் பிடிக்க வேண்டும். யாரும் விளக்கம் சொல்லாமலே புத்தகம் முடியும்.

சாவித்துளை:

அப்படியானால் தடயம் எல்லோருக்கும் கிட்டும்படி இருக்க வேண்டும். உதவியாளர் குறிப்பேட்டிலிருந்து ஒரு பக்கத்தை உருவிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். பக்க எண்களை மாற்றித் தட்டச்சு செய்துவிடலாம், அது அவர் கையில் இருக்கிறது. ஆனால் இறந்தவர் பின்னால் எங்கோ 'நேற்று வரைந்த வரைபடத்தில் ஜன்னல் இடம் மாறிவிட்டது' என்று எழுதியிருந்தால்? முந்தைய நாள் குறிப்பில் வரைபடமே இல்லை. அந்த ஒரு வரியை நீக்க உதவியாளர் மறந்துவிட்டார். இதைக் கொடுங்கள், நான் என் புகாரைத் திரும்பப் பெறுகிறேன்.

மூன்றாம்_சாட்சி:

'மறந்துவிட்டார்' என்றால் அதுவும் தற்செயல்தான், சார். இவ்வளவு கவனமாக வெட்டி ஒட்டுகிறவர் ஒரு வரியை மட்டும் ஏன் மறக்கிறார்? அவரால் நீக்க முடியாத வரியாக வையுங்கள். அந்த வரி போனால் அவர் அன்று ஊரில் இல்லை என்பதற்கான சாட்சியும் சேர்ந்து போய்விடும். வைத்திருந்தால் வரைபடம் இருந்தது வெளியே தெரியும். இரண்டில் எது குறைந்த ஆபத்து என்று யோசித்து, தெரிந்தேதான் அதை விட்டுவைக்கிறார்.

சாவித்துளை:

இது நன்றாக இருக்கிறது. மைக்கூடு, அந்தக் குறிப்பை எட்டாவது அத்தியாயத்துக்குப் பின்னால் வைக்காதீர்கள், அதற்குள் வாசகர் உதவியாளரை நம்பத் தொடங்கியிருப்பார். துப்பறிபவர் உயிரோடு இருக்கும்போதே அந்த வரி வந்துவிடட்டும்.

மைக்கூடு:

மூன்றாவது அத்தியாயத்தில் மழையில் நனைந்த சட்டையைப் பற்றி அவர் எழுதும் பக்கம் ஒன்று இருக்கிறது. உதவியாளர் வெளியூரில் இருப்பதாகச் சொன்ன அதே நாள். வரியை அங்கே செருகிப் பார்க்கிறேன். வாரக்கடைசியில் முதல் மூன்று அத்தியாயங்களையும் இங்கே போடுகிறேன். கடைசிப்_பக்கம், உங்களுக்குத்தான் கஷ்டம், கடைசிப் பக்கம் இன்னும் எழுதவில்லை.